தும்பும் துணியும் சேர்ந்த கலையகம்

கல்முனைப் பக்கத்தில் வீட்டுக்குள் ஒலிப்பதிவு அறை போட நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது எந்த மைக் நல்லது என்றுதான். நான் அறையின் நீளம், அகலம், உயரம் கேட்பேன். அளந்திருக்க மாட்டார்கள். அளந்துகொண்டு வாருங்கள், பிறகு கதைப்போம் என்று அனுப்பிவிடுவேன். இந்தக் கரையோரத்தில் நீண்ட காலமாகப் பாட்டும் குர்ஆன் கிராஅத்தும் கவிதையும் கடை விளம்பரமும் பதிவுசெய்து பிழைத்து வருகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: மைக்குக்கென்று வைத்திருக்கும் காசில் பாதியை அறைக்குச் செலவழியுங்கள். சாதாரண மைக்கே நல்ல குரல் தரும். அறையைக் கவனிக்காமல் விட்டால், விலை கூடிய மைக் அந்த அறையின் கோளாறுகளை இன்னும் துல்லியமாகப் பதிந்து தரும்.

எங்கள் வீடுகளின் கட்டுமானத்திலேயே சிக்கல் இருக்கிறது. மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்று வரை பெரும்பாலான வீடுகளில் சீமெந்துக் கல் சுவர், அதன்மேல் வழவழப்பாக இழைத்த பூச்சு, தரைக்கு டைல்ஸ், மேலே சீற். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எழுந்த வீடுகள் அனேகமாக எல்லாமே இப்படித்தான். உறுதியான வீடுகள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பூசிய சுவரும் டைல்ஸும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றில் இரண்டு பங்கு அளவில்தான் விழுங்கும். மிச்சமெல்லாம் திரும்பி வரும். வெறும் அறையின் நடுவில் நின்று ஒருதரம் கை தட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின்னால் "டிர்ர்" என்று ஒரு நடுக்கம் கேட்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையில் அந்தத் தட்டல் போய்வருகிற சத்தம் அது. சுவர்களுக்கு நடுவே 3 மீற்றர் இருந்தால், எங்கள் ஊர் வெப்பத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 58 தரம் போய்வரும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1895 இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேசுவது விளங்கவில்லை என்று, வலஸ் சபின் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யும் வேலையை ஒப்படைத்தார்கள். அவர் இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்துவிட்டு, விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அந்த மெத்தைகளிலிருந்து பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றும் போடுகிறோம். அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறைக்குள் இருக்கும் மொத்த உறிஞ்சல் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் செக்கனில் கிடைக்கும்.

என் அறை 12 அடிக்கு 10 அடி. உயரமும் 10 அடி. கன அளவு 34 கன மீற்றர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 63 சதுர மீற்றர். வெறுமையாக இருந்தபோது கணக்கில் 4 செக்கனைத் தாண்டியது. கதவு, யன்னல், உள்ளே நிற்கும் ஆள் எல்லாம் கொஞ்சம் உறிஞ்சும் என்பதால் உண்மையில் அது குறையும். ஆனாலும் குரல் பதிவுக்கு வேண்டியது 0.3 செக்கன். அதற்கு 18 சதுர மீற்றர் முழு உறிஞ்சல் வேண்டும். அறையின் பரப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. நாலு துண்டு ஸ்பொஞ்சைச் சுவரில் ஒட்டினால் காணாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். முட்டை அடுக்கும் அட்டை அதைவிடப் பயன் குறைந்தது. மெல்லிய அட்டை, நடுத்தரத்துக்கு மேற்பட்ட ஒலிகளில் கொஞ்சத்தை மட்டும் பிடிக்கும். கீழ் ஒலிகள் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகும். ஊரில் எத்தனையோ பிள்ளைகள் சுவர் நிறைய அதை ஒட்டிவிட்டு, சத்தம் இன்னும் வெளியே போகிறது என்று வந்து நிற்பார்கள்.

தடுப்பதும் உறிஞ்சுவதும் வேறு வேறு வேலைகள். இதை விளங்கிக்கொண்டால் பாதிக் காசு மிச்சம். வெளிச் சத்தம் உள்ளே வராமல், உள் சத்தம் வெளியே போகாமல் தடுக்க நிறை வேண்டும், இடைவெளி இல்லாத மூடல் வேண்டும். சுவரின் நிறையை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். இரு பக்கமும் பூசிய கல் சுவர் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஓட்டை கதவிலும் யன்னலிலும் சுவரின் மேலே காற்றுக்கு விட்ட துளைகளிலும்தான். கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாலே போதும், எவ்வளவு கனமான கதவானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. என் கதவைச் செய்த ஓடாவி காக்காவுக்கு இதை விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"கீழ இடைவெளி விடாட்டிக் கதவு தரையில உரசும் மனே. கூட்டிப் பெருக்கவும் ஏலாது."

"உரசட்டும் காக்கா. றப்பர் பட்டி வெச்சு உரசவே வைப்பம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே செய்தார். வேலை முடிந்து கதவைச் சாத்தியதும் பிரதான வீதியின் இரைச்சல் அப்படியே அமுங்கியது. அவரே இரண்டு மூன்று தரம் திறந்து மூடிப் பார்த்தார். அதன் பிறகு ஊரில் வேறு யாருக்கு இப்படிக் கதவு செய்தாலும் றப்பர் பட்டியை அவரே கேட்டு வாங்கி வைக்கிறார்.

எவ்வளவு தடுத்தாலும் இந்த ஊரை முழுதாக வெளியே நிறுத்த முடியாது, நிறுத்தவும் தேவையில்லை. கொழும்பிலிருந்து பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 நெடுஞ்சாலை ஊரின் நடுவே ஓடுகிறது. பள்ளிவாசல்கள் கிட்டக் கிட்ட இருக்கின்றன. பாங்கு ஒரு பக்கம் முடிய மறு பக்கம் தொடங்கும். அந்த நேரத்தில் பதிவு நிற்கும், தொழுதுவிட்டு வந்து தொடர்வோம். மீன்காரரின் ஹோர்ன், காகம், ஆட்டோ, இவற்றுக்கெல்லாம் கீழே ஓயாமல் ஒரு கடல் இரைச்சல். மாரியில் சீற்றின்மேல் மழை விழத் தொடங்கினால் குரல் பதிவை ஒத்திவைக்க வேண்டியதுதான். ஆகவே என் வேலை நேரம் பெரும்பாலும் இஷாவுக்குப் பிறகுதான் தொடங்கும். நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்து சஹர் வரைக்கும் உள்ள இடைவெளி மிக நல்லது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அதை அடுத்து நோன்பு வந்தது. மடிக்கணினியின் பற்றரியில் ஓடுகிற சிறிய கருவிகளை வைத்தே அந்த மாதம் கிராஅத்துகளைப் பதிந்தோம். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெளிநாட்டு ஒலி உறிஞ்சிப் பலகைகளும் கிடைக்காமல் போன காலம் அது. கைக்கெட்டியதைக் கொண்டு அறை செய்வது எப்படி என்று பலர் கேட்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

கைக்கெட்டியது தும்பு. தென்னந்தும்பு எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் புதிதல்ல. தும்பு மெத்தையில் படுத்து வளராதவர் குறைவு. மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் ஒலி உறிஞ்சும் தன்மையை ஆராய்ந்து 2011 இல் வெளியிட்டிருக்கிறார்கள். மேல் ஒலிகளை நன்றாக விழுங்கும், கீழ் ஒலிகளில் பலவீனம், தடிப்பைக் கூட்டினாலும் பின்னால் காற்றிடைவெளி விட்டாலும் கீழேயும் பிடிக்கும் என்பது அதன் சாரம். என் அனுபவமும் அதேதான். றப்பர் கலந்து அழுத்திய தும்பு மெத்தைகள் கடைகளில் கிடைக்கும். உதிராது, தொய்யாது, வெட்டிய வடிவத்தில் நிற்கும். 4 அடிக்கு 2 அடிப் பலகைச் சட்டம், உள்ளே 4 அங்குலத் தும்பு, சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் இன்னும் 3, 4 அங்குலம். இந்த இடைவெளிக்குக் காசு இல்லை. ஆனால் அது தும்பின் தடிப்பைக் கூட்டியதற்குச் சமமான பலனில் பெரும்பகுதியைத் தரும். சுவரோடு ஒட்டி ஆணி அடிப்பவர்கள் இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிடுகிறார்கள்.

சட்டத்தின் முகத்துக்கு மருதமுனைக் கைத்தறி. உறிஞ்சியின் மேல் போடும் துணி காற்றை விட வேண்டும். வாயை வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் தடையின்றிப் போனால் அது சரியான துணி. இறுக்கி நெய்த பொலியெஸ்டர் திரைகளில் மூச்சு நிற்கும், மேல் ஒலியும் தெறித்துத் திரும்பும். கைத்தறியில் இழைகளுக்கிடையில் வழி இருக்கிறது. படுக்கை விரிப்புக்கு நெய்த தடித்த துணியை நெசவாளர் வீட்டிலேயே போய் வாங்கினேன். எதற்கு என்று கேட்டார் அந்த மூத்தம்மா. சுவருக்கு என்றேன். "செவருக்கு உடுப்பு உடுத்தப் போறியா வாப்பா?" என்று சிரித்துக்கொண்டு, நிறம் மங்காத நூலில் நெய்ததைத் தேடி எடுத்துத் தந்தார். கடும் நீலமும் மரூனுமாக அந்தத் துணிகள் இன்னும் என் சுவரில் இருக்கின்றன. அறைக்கு வரும் பாடகர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

கூரை ஒரு பெரிய பரப்பு. என் அறையில் அது மட்டும் 11 சதுர மீற்றர். மீனவர் ஒருவர் கழித்துவிட்ட நைலோன் வலையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் தும்பைப் பரப்பி, கீழே துணி போட்டுத் தாழ்த்தினேன். சீற்றுக்கும் அதற்கும் நடுவே ஒன்றரை அடி. மிச்சத்துக்கு 4 அடிச் சட்டங்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு, மூலைகளில் தரையிலிருந்து மேல்வரை முக்கோணமாகத் தும்பு. கணக்குச் சரியாகிவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும்: பழைய அஸ்பெஸ்டோஸ் சீற்றில் துளை போடவோ அரியவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. தாங்கு சட்டத்தைச் சுவரில் நிறுத்துங்கள். இப்போது பலர் போடும் பிளாஸ்டிக் ஐ-பெனல் சீலிங் கீழ் ஒலிக்குச் சேர்ந்து அதிரும், கலையகத்துக்கு ஆகாது.

அறையின் அளவு ஏன் முக்கியம் என்பதற்கு இப்போது வருகிறேன். ஒவ்வோர் அறைக்கும் அதன் நீள அகல உயரத்தைப் பொறுத்துச் சில சுருதிகள் உண்டு. அந்தச் சுருதிகளில் அறை தானாகவே வீங்கி ஒலிக்கும். 30 பாகை செல்சியஸில் ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் போகும். 10 அடி இடைவெளிக்கு 57 ஹேர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 114 ஹேர்ட்ஸ். என் அறையில் அகலமும் உயரமும் ஒன்று என்பதால் அந்த 57 உம் 114 உம் இரண்டு தடவை விழுகின்றன. 114 என்பது ஆண் குரலின் கீழ்ப்பகுதி. ஆழ்ந்த குரலுள்ள ஒரு காரி ஓதும்போது சில எழுத்துகளில் மட்டும் குரல் திடீரென்று தடித்ததற்குக் காரணம் அதுதான். அவருடைய தொண்டையில் ஒரு குறையும் இல்லை. தாழ்த்திய கூரைத் தும்பும் மூலைத் தும்பும் 114 ஐ நன்றாக இளக்கின. 57 முழுதாக அடங்கவில்லை. அவ்வளவு நீண்ட அலையை அடக்கும் தடிப்பு சிறிய அறைக்குள் கொள்ளாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் மேசனிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறு வேறாக இருக்கட்டும், ஒன்று மற்றதின் இரட்டிப்பாகவும் வேண்டாம். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது; அளக்கும் மைக் ஒன்று இருந்தால் அறையின் வீக்கமெல்லாம் திரையில் தெரியும்.

பாடுபவரை அறையின் நட்ட நடுவில் நிறுத்தாதீர்கள். அந்த இரட்டிப்புச் சுருதி உச்சத்தில் வீங்கும் இடம் அது. மைக்கின் பின்னால் வளைந்த கேடயம் ஒன்று வைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். யோசித்துப் பாருங்கள்: ஒரு பக்கம் கேட்கும் மைக்கின் முகம் பாடுபவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆகவே அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் சேர்த்தே கேட்கிறது. தடித்த உறிஞ்சி நிற்க வேண்டியது பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். வேறு வசதி இல்லாதவர், உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதற்கு முதுகு காட்டி நின்று பாடட்டும். கேட்டுத் திருத்தும் இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சம முக்கோணமாக இருக்க வேண்டும். இடச் சுவரும் வலச் சுவரும் சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒருவர் பக்கச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்த, கதிரையில் இருந்தபடியே அதில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் ஒரு சட்டத்தை மாட்டுங்கள்.

தீயைப் பற்றி மறக்கக் கூடாது. 2003 பெப்ரவரியில் அமெரிக்காவின் றோட் ஐலண்டில் ஒரு இசை விடுதியின் சுவரில் ஒட்டியிருந்த ஸ்பொஞ்ச் பற்றி 100 பேர் இறந்தார்கள். தும்பும் எரியும் பொருள்தான். வயர்களைக் குழாய்க்குள் விடுங்கள், பிளக்குகளைத் தும்புச் சட்டத்துக்குப் பின்னால் மறைக்காதீர்கள், அறைக்குள் புகைக்க விடாதீர்கள். மாரி முடிந்ததும் சட்டங்களைக் கழற்றி வெயிலில் காய வைப்பது என் வழக்கம். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், கறையான் வரும். உப்புக் காற்றும் ஈரமும் கண்டென்சர் மைக்கைப் படபடக்க வைக்கும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு மூடிவிடுங்கள்.

எல்லாவற்றையும் இந்த அறைக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. பொல்லடிக் குழுவை ஒருமுறை உள்ளே நிறுத்தியதும் அண்ணாவியார் முகம் சுளித்தார். கம்புகள் மோதும் ஓசையில் உயிர் இல்லை என்றார். அவர் சொன்னது சரி. அந்த ஓசை சுற்றுப்புறத்தில் மோதி விரிய வேண்டும். வளவில் மரத்தடியில் நிறுத்திப் பதிந்தோம். றபானுக்கு அறை நல்லது, ஆனால் மாரிக் காலத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். அனல் காட்டிய பிறகுதான் தொடங்குவோம். ஓதுகிறவர்களுக்குப் பள்ளிவாசலின் எதிரொலி பழகியிருக்கும், உலர்ந்த அறையில் மூச்சு முட்டுவதாகச் சொல்வார்கள். அவர்களுடைய ஹெட்போனுக்குள் மட்டும் கொஞ்சம் எதிரொலி கலந்து கொடுத்தால் குரல் தானாக விரியும். காரைதீவிலிருந்து வைகாசிக்கு முன்னதாகக் கண்ணகி அம்மன் பாடல்களோடு ஒரு குழுவினர் வருவார்கள். பின்னாளில் யாழ் நூல் எழுதும் அளவுக்கு இசையில் ஆழ்ந்த விபுலானந்த அடிகள் பிறந்த ஊர்க்காரர்கள். சுருதியில் ஒரு மயிரிழை பிசகினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களோடு வேலை செய்வது எனக்குப் பெரிய படிப்பு.

முன்பு இங்குள்ள ஒருவர் தன் குரலைப் பதிய வேண்டுமென்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து கொழும்பில் வானொலி நிலையத்துக்குப் போக வேண்டும். ஏ.ஆர். ரஹ்மான் சென்னைக் கோடம்பாக்கத்தில் வீட்டோடு அமைத்த பஞ்சதன் கலையகத்திலிருந்து 1992 இல் ரோஜா பாடல்கள் வந்த பிறகு, வீட்டு அறை என்பது குறைவான இடம் என்ற எண்ணம் போய்விட்டது. அந்த வசதியை நாங்கள் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் எனக்குள்ள கவலை. தேர்தல் பாட்டும் கடை விளம்பரமும் எப்படியும் பதிவாகும். எங்கள் தாய்மார்களின் கவியும் தாலாட்டும் குரவையும் அப்படியில்லை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் இந்தக் கரையோர முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து எழுத்தில் காப்பாற்றித் தந்தார்கள். அந்தச் சொற்களை எந்த இழுவையில், எந்த மூச்சில் பாடினார்கள் என்பது குரலில் மட்டும்தான் இருக்கும். வீட்டுக் கல்யாணத்தில் பதிந்த கசெற்றுகள் எத்தனையோ 2004 இல் வீடுகளோடு போயின.

இவற்றைப் பாடும் மூத்த பெண்கள் அந்நிய ஆண் முன்னால் பாட மாட்டார்கள். அதனால் என் மனைவிக்குக் கருவிகளை இயக்கக் கற்றுக்கொடுத்தேன். அவர் உள்ளே இருப்பார், நான் வெளியே போய்விடுவேன். அறைக்கு வளவுப் பக்கமாக ஒரு தனி வாசல் வைத்ததும் இதற்காகத்தான். வெற்றிலை போட்டு, ஊர்க் கதை கதைத்து, கூச்சம் தெளிந்த பிறகு அவர்கள் பாடுவார்கள். அவசரப்படுத்தினால் ஒன்றும் வராது.

அறை போட்டிருக்கும் தம்பி, தங்கைகளே, இதை உங்கள் வீட்டிலும் செய்யுங்கள். உம்மம்மாவை, மாமியை, அயல்வீட்டு மூத்தம்மாவைக் கூட்டிவந்து இருத்துங்கள். அவர்களுடைய சம்மதத்தைக் கேளுங்கள். வெளியில் விட வேண்டாம் என்றால் குடும்பத்துக்குள் வையுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே பெயர், ஊர், திகதி, பாட்டை யாரிடம் கற்றார் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். 24 பிட் வேவ் கோப்பாக வையுங்கள். எம்பி3 ஆக மட்டும் வைக்க வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, அதில் ஒன்றைக் கடலுக்குத் தூரமான ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.